அவர் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள்

கேள்வி: என் மகன் 2023 டிசம்பரில் பிறந்தான். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏறவில்லை. என் மாமனார் பெயரான கருப்பசாமியைத்தான் வைக்க வேண்டும் என்று கணவர் வீட்டில் பிடிவாதம். எனக்கு அகிலன் என்று வைக்க ஆசை. இந்தச் சண்டையில் ஒன்றரை வருடமாகத் தாய் வீட்டில் இருக்கிறேன். ஜீவனாம்ச வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிறது. அடுத்த ஜூனில் பையனை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். கணவரின் கையெழுத்தை நாமே போட்டு விண்ணப்பித்துவிடலாம் என்று கணினி மையத்தில் சொல்கிறார்கள். அவருடைய இனிஷியலும் வேண்டாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தொட்டிலில் போட்ட அன்று மாமியார் பேசிய பேச்சு, தடுப்பூசி அட்டையில் நீங்கள் பென்சிலால் எழுதிவைத்த ‘அகிலன்’ மேல் நாத்தனார் கோடு கிழித்துப் பேனாவால் ‘கருப்பசாமி’ என்று எழுதியது, எல்லாவற்றையும் படித்தேன். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் இவற்றில் எதுவும் உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்தக் கணினி மைய யோசனை மட்டுமே. கூடவே கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் தேவையே இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, குழந்தையின் பெயரைப் ‘பெற்றோரில் ஒருவரோ பாதுகாவலரோ’ தெரிவிக்கலாம் என்ற பொருளில்தான் இருக்கிறது. இருவரும் சேர்ந்து வர வேண்டும் என்று அதில் இல்லை. பன்னிரண்டு மாதம் கடந்துவிட்டதால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவே. உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உரிமை இருக்கும் இடத்தில் போய்க் கள்ளக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு, மோசடியாகச் செய்யப்பட்ட பதிவை ரத்து செய்யப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் கணவர் ஒரு மனு கொடுத்தால் போதும்; பெயர் போகும், உங்கள் மீது போலி ஆவணப் புகாரும் வரும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஜீவனாம்ச வழக்கில். அவருடைய வருமானம் பற்றி நீங்கள் சொல்வதையும் எடைபோட்டுத்தான் நீதிபதி தொகையை முடிவு செய்யப்போகிறார். கணவர் கையெழுத்தைத் தானே போட்டவர் என்று எதிர்த்தரப்பு ஒரு தாளை நீட்டிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்பிருக்காது. குறுக்கு விசாரணையில் இப்படிச் சரிந்த நல்ல வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பள்ளம், இரட்டைப் பெயர். என் கட்சிக்காரர் ஒருவரின் மகளுக்குத் தந்தை முந்திக்கொண்டு பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரை ஏற்றிவிட்டார். தாய் ஆதாரிலும் பள்ளியிலும் வேறு பெயர் கொடுத்தார். வருடக்கணக்கில் யாரும் கவலைப்படவில்லை. தந்தை இறந்து வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டபோது, ‘பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெண் வேறு, இவள் வேறு’ என்று சித்தப்பா ஆட்சேபம் தெரிவித்தார். ‘இருவரும் ஒருவரே’ என்று ஒரு சான்றிதழ் வாங்க அந்தத் தாய் தாலுகா அலுவலகத்துக்கு நடந்த நடை எனக்குத்தான் தெரியும். பிறகு அரசிதழில் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அரசிதழ் அறிவிப்பு அன்று முதல் புதுப் பெயரைத் தரும். பிறப்புச் சான்றிதழைத் திருத்தி எழுதாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கோ பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். உங்கள் மகன் அந்தக் கணக்கில் வருகிறான்.

இனிஷியல் விஷயம். தாயின் முன்னெழுத்தைப் போடச் சட்டத் தடை இல்லை. ஆனால் சான்றிதழில் தந்தை பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அது போகாது. அவர் இனிஷியல் இருப்பதால் அவருக்குத் தனி உரிமை எதுவும் கூடாது, எடுத்துவிட்டால் மகனின் சொத்துரிமை குறையவும் செய்யாது. ஒரு பக்கம் ‘இவர் பிள்ளைக்கு இவர்தான் சோறு போட வேண்டும்’ என்று வழக்கு நடத்திக்கொண்டு, மறுபக்கம் அவர் இனிஷியலை உதறுவது எதிர் வக்கீலுக்கு நீங்களே எடுத்துக்கொடுக்கும் கேள்வி. குழந்தையின் குடும்பப் பெயரைத் தாய் முடிவு செய்யலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வழக்கில் தந்தை இறந்துபோயிருந்தார். உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார்.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. சமாதானமாகப் போங்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை, அதிலும் குலசாமி பெயரை, கேட்பது எந்த நீதிபதிக்கும் அநியாயமாகப் படாது. 2023-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு இப்படியே ஒரு பெண் குழந்தையின் வழக்கு வந்தது. பெயரில்லாத சான்றிதழைப் பள்ளி ஏற்கவில்லை. பதிவாளர் பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்றார். கடைசியில் நீதிமன்றமே பெயர் வைத்தது: முன்னால் தாய் விரும்பிய பெயர், பின்னால் தந்தையின் பெயர். நீங்களும் அகிலன் கருப்பசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை பாஸ்போர்ட்டிலும் ஒற்றைப் பெயர் தொல்லை இருக்காது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வந்தவர்களை அனுமதிக்க மறுத்தபோது, பெரியவர்களே விமான நிலையத்தில் திண்டாடினார்கள்.

அடுத்த வாய்தாவில் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். உடன்பாடு வந்தால், இருவரும் சேர்ந்து நீதிமன்றத்தில் தரும் கூட்டு மெமோவில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாக எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். ஆங்கில எழுத்தில் எண் கணித ஜோசியர் கூட்டச் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டாவது ‘ஏ’ வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அங்கேயே முடித்துவிடுங்கள். அவர் இணங்கவே இல்லையென்றால் உங்கள் கையெழுத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். பதிவாளர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். உயர் நீதிமன்றத்துக்கு அந்தத் தாள்தான் வேண்டும்.

கணினி மையத்தில் உங்கள் கணவரின் ஆதார் நகல் எதையாவது கொடுத்து வைத்திருந்தால், இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.