செல்ஃப் இழுக்கவில்லையா? பேட்டரிக் கடைக்கு ஓடாதீர்கள்

கேள்வி: பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப். காலையில் செல்ஃப் அடித்தால் முக்கி முனகித்தான் சுற்றுகிறது. ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. மூன்றாவது வாங்கலாமா? (கூடலூர் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். "மாத்திப் பாத்துடலாம் சார்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாற்றிப் பார்ப்பது மெக்கானிக், காசு உங்களுடையது. நல்ல பேட்டரியும் பழசு என்ற பெயரில் எடைக்குப் போய்விடும். அளந்து பார்க்காமல் மாற்றுவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் சரி. அப்புறம் கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று எஞ்சின் பிளாக்கில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் எர்த் ஒயர்தான். எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸோடு அதை இணைக்கும் பட்டை துருப்பிடித்தால் கரன்ட் திரும்பி வர வழியில்லை. போல்ட் அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கனமான செம்புப் பட்டையாக மாற்றுங்கள். பிளஸ் பக்கமும், பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை, இதே சோதனைதான். இரண்டும் சரியாக இருந்தும் சோம்பினால்தான் மோட்டாரைக் கழற்றி, உள்ளே தேயும் பாகங்களான கார்பன் பிரஷ், புஷ் பார்க்க வேண்டும்.

ஒயரின் தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். நெடுஞ்சாலைக் கடையில் கட்டைவிரல் பருமனில் நான் வாங்கிய ஜம்பர் ஒயருக்குள் இருந்தது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம், அதுவும் நூல் அளவு. இன்று அதில் துணி காய்கிறது.

கேள்வி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வெள்ளைப் புகை தள்ளிவிட்டுத்தான் எஞ்சின் பிடிக்கிறது. எஞ்சினைச் சட்டென்று பிடிக்க வைக்கும் ஈத்தர் ஸ்பிரே அடிக்கலாமா? (கோத்தகிரி)

பதில்: ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள டீசல் எஞ்சினில் ஈத்தரா? வெடிக்கும். முதலில் பிளக்குகளைப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்கு 'ஒரிஜினல்' செல்ஃப் மோட்டார். பில் கேட்கவில்லை. ஒரே மாதத்தில் புகைந்தது. (சேலம்)

பதில்: பாதி விலை என்றபோதே தெரியவில்லையா? பில் தராதது அவர்கள் பக்கம் முறையற்ற வணிகம்தான். ஆனால் நீங்கள் கேட்கக்கூட இல்லையே! பணம் அனுப்பிய பதிவாவது இருக்கிறதா, தேடுங்கள்.

கேள்வி: ரீகண்டிஷன் மோட்டாருக்கு ஆறு மாத வாரண்டி என்று பில்லிலேயே எழுதித் தந்தார்கள். மூன்று வாரத்தில் போயிற்று. "எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாதும்மா" என்கிறார்கள். ஜீப்தான் எங்கள் பிழைப்பு. (வால்பாறை)

பதில்: நீங்கள் செய்ததெல்லாம் சரிதான் அம்மா, ஏமாற்றியது அவர்கள். பில்லில் சொன்ன கெடுவுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகமே. மோட்டாரை வேறு யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடம் வரை அவகாசம் உண்டு. பில்லை இன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்; கடைப் பில் மை சீக்கிரம் மங்கிவிடும்.