சேகரித்தவரிடமே பறித்த அரசு: கிழக்கு ஜெர்மனியின் கலைப்பொருள் வணிகம், கேள்வி பதில்

கேள்வி: சோஷலிச ஆட்சியில் தனியார் பழம்பொருள் சேகரிக்க முடிந்ததா சார்?

முடிந்தது. கிழக்கு ஜெர்மனியில் அதற்குத் தடை இல்லை. பீங்கான், கடிகாரம், ஓவியம் என்று பல வீடுகளில் நல்ல சேகரிப்புகள் இருந்தன.

கேள்வி: அரசு எப்போது இதில் தலையிட்டது?

அந்நியச் செலாவணிக்கு அல்லாடிய அரசு அது. அதைத் திரட்டவே 1966-ல் 'கோகோ' என்ற அமைப்பு உருவானது. அலெக்சாண்டர் ஷால்க்-கோலோட்கோவ்ஸ்கி அதன் தலைவர். ஸ்டாஸி உளவுத்துறை அதிகாரியும்கூட. 1973-ல் அதன்கீழ் 'குன்ஸ்ட் உண்ட் அன்டிக்விடேட்டன்' (கலையும் பழம்பொருளும்) என்ற ஏற்றுமதி நிறுவனம் வந்தது. பெர்லினுக்கு வடக்கே ம்யூலன்பெக்கில் கிடங்கு. முதலில் அருங்காட்சியகங்களிடமே பொருள் கேட்டார்கள். அங்கே எதிர்ப்பு கிளம்பியது. அந்த எதிர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். அன்றைய நிலையில் அதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் அதன்பின் பார்வை தனியார் பக்கம் திரும்பியது.

கேள்வி: வீடு புகுந்து அள்ளிப் போனார்களா?

அள்ளினார்கள், ஆனால் கையில் காகிதத்தோடு. சேகரிப்பவர் என்றால் ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குவார், நண்பரோடு மாற்றிக்கொள்வார். அதையே 'நீ மறைமுக வியாபாரி' என்று வரித்துறை எடுத்துக்கொண்டது. சோதனை நடக்கும், பொருள்களுக்கு மதிப்புப் போடுவார்கள். மதிப்பை ஏற்றிப் போட்டால் வரியும் ஏறும். பல ஆண்டு பாக்கி சேர்ந்து, சேகரிப்பையே கொடுத்தாலும் அடையாத தொகை வந்து நிற்கும். அப்புறம் ஜப்தி. சிலர் சிறைக்கும் போனார்கள். இப்படிச் சிக்கிய சேகரிப்பாளர்கள் 200-க்கும் மேல். மதிப்புப் போட வந்தவர்களில் பொருளை விற்கப்போகும் அந்த நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்களும் இருந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். ஒவ்வொரு தாளிலும் முத்திரை சரியாக இருந்ததால், பறிகொடுத்தவர் போய் முறையிட இடமே இல்லை.

கேள்வி: யார் வாங்கினார்கள்?

பெரும்பாலும் மேற்கு ஜெர்மன் வணிகர்கள். பழைய தெருக்களில் பதித்திருந்த கல்கூட விலைபோனது.

கேள்வி: பெர்லின் சுவர் விழுந்ததும் திரும்பக் கிடைத்ததா?

மிகச் சிலருக்கே. 1989 நவம்பரில் நிறுவனத்தின் வணிகம் நின்றது. டிசம்பர் தொடக்கத்தில் ஷால்க் மேற்கு பெர்லினுக்குத் தப்பினார். பிற்பாடு அவருக்குக் கிடைத்த தண்டனைகள் ஆயுத வணிகம் போன்ற வேறு வழக்குகளில். அவற்றுக்காகச் சிறையில் இருக்கவும் நேரவில்லை. பொருள்களோ பல கை மாறிவிட்டன. விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கியவரிடமிருந்து சட்டப்படி மீட்பது கடினம்.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். சந்தையில் பழைய மைசென் பீங்கான் தட்டு ஒன்று வாங்கினேன். திருட்டுப் பொருளாக இருக்குமோ?

அடியில் நீல நிறத்தில் குறுக்கு வாள் முத்திரை இருந்தாலும், அது எந்தத் தொழிற்சாலை என்று மட்டுமே சொல்லும். யார் வீட்டில் இருந்தது என்று சொல்லாது. விற்றவரிடம் முந்தைய உரிமையாளர் பற்றிக் கேட்டு எழுதி வாங்குங்கள். 2015-ல் மாக்டபுர்க்கில் தொடங்கிய பண்பாட்டுச் சொத்து இழப்பு மையம் 'லாஸ்ட் ஆர்ட்' என்ற இணையப் பட்டியலை நடத்துகிறது. அது முக்கியமாக நாஜி ஆட்சியிலும் இரண்டாம் உலகப் போரிலும் இழந்த பொருள்களுக்கானது; அதனால் அதில் இல்லை என்பதே சான்றாகாது. தட்டின் படத்தை வைத்துக்கொண்டு அதில் தேடிப் பாருங்கள். ஒத்துப்போனால் அந்த மையத்துக்கே எழுதுங்கள்.