ஸ்மார்ட் சுவிட்சுகள் ஹப்புடன் அடிக்கடி தொடர்பை இழக்கின்றன. ஹப்பை மாற்றினால் சரியாகுமா?

கும்பகோணம் பக்கத்துப் பழைய வீட்டில் எட்டு ஜிக்பீ சுவிட்சுகளை (ஜிக்பீ என்பது கருவிகள் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும் ஒரு முறை) பொருத்தியிருப்பதாகவும், கொல்லையை ஒட்டிய மூன்று மட்டும் வாரத்தில் இரண்டு மூன்று முறை செயலியில் ‘தொடர்பில் இல்லை’ என்று காட்டுவதாகவும், அப்போதும் சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு ஒழுங்காக எரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விற்றவர் ஹப்பை, அதாவது சுவிட்சுகளைச் செயலியோடு இணைக்கும் மையப் பெட்டியை, மாற்றச் சொல்கிறாராம். இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஹப் பழுதாகியிருந்தால் பெரும்பாலும் எட்டும் சேர்ந்தே விழுந்திருக்கும். பொத்தானுக்கு விளக்கு எரிவதால், சுவிட்சுக்கு மின்சாரம் வருகிறது, உள்ளே விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். ஆகவே கோளாறை ஹப்புக்கும் சுவிட்சுக்கும் இடைப்பட்ட வழியில்தான் தேட வேண்டும்.

பாபநாசத்துக்கு அருகில் என் பெற்றோர் வசிக்கும் வீட்டில் இதே தொல்லையை ஏறத்தாழ ஓராண்டு அனுபவித்தவன் நான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீண்டு கிடக்கும் வீடு. சுவர்கள் ஒன்றரை அடி கனம். முழங்கால் வலியோடு அப்பா இரவில் கொல்லை விளக்கைப் போட நடக்க வேண்டாம் என்பதற்காகவே இந்த ஏற்பாட்டைச் செய்தேன். நானும் முதலில் ஹப்பைத்தான் சந்தேகித்தேன், மாற்றியும் பார்த்தேன். ஒன்பது சுவிட்சுகளையும் திரும்ப இணைப்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்றே தவிர வேறு பலன் இல்லை.

துப்புக் கொடுத்தவர் அம்மா. சுவிட்சு தகராறு செய்யும்போதெல்லாம் நாட்காட்டித் தாளில் நேரத்தைக் குறித்து, அந்தத் தாளைக் கிழித்து எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் கழித்து அந்தத் தாள்களைப் பார்த்தபோது, பதினொன்றில் ஒன்பதில், நேரத்துக்குப் பக்கத்தில் ‘க.போ.’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. “கரண்ட் போச்சுன்னு அர்த்தம்டா. போயிட்டு வந்தாத்தான் இது முரண்டு பிடிக்குது. பம்பு செட்டு ஓடி லைட்டு மங்கலா எரியறப்பகூட இது ஒழுங்காத்தான் இருக்கு” என்றார். வோல்டேஜ் குறைவைத்தான் அதுவரை நான் இரண்டாவது குற்றவாளியாக வைத்திருந்தேன். இத்தகைய சுவிட்சுகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்படி செய்யப்படுபவை. உங்களுடையது எப்படி என்பதை அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஜிக்பீயில் எல்லாச் சுவிட்சுகளும் ஹப்புடன் நேராகப் பேசுவதில்லை. நியூட்ரல் கம்பியுடன் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இயங்கும் சுவிட்சு, தன் வேலையோடு, தனக்கு அப்பாலுள்ளதன் செய்தியையும் வாங்கிக் கைமாற்றிவிடும். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் வகை பெரும்பாலும் அந்தத் தொண்டைச் செய்யாது. நம் பக்கத்து மொழியில் சொன்னால், கொல்லைச் சுவிட்சு கடைமடை. எங்கள் வீட்டில் அதற்கு நடுமதகாக இருந்தவை முற்றத்துத் தாழ்வாரத்தின் இரண்டு சுவிட்சுகள். ஹப்பும் வைஃபை ரூட்டரும் கொல்லை விளக்கும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தன. தாழ்வாரம் மட்டும், விசேஷ நாள்களில் தவிர அங்கு விளக்குத் தேவையில்லை என்று யாரோ எப்போதோ முடிவு செய்ததால், இன்வெர்ட்டர் சேராத நேர் லைனில் இருந்தது. மின்சாரம் போனதும் அந்த இரண்டும் அணைந்தன. கொல்லைச் சுவிட்சு உயிரோடிருந்தும் அதற்கு வழி அடைபட்டது. மின்சாரம் வந்த பிறகு அது தன் வழியை மறுபடி தேடிக்கொள்ள வேண்டும்; சில கருவிகள் உடனே தேடிக்கொள்கின்றன, சில மணிக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, எங்களுடையதில் ஒன்று அதன் லைனின் எம்.சி.பி.யை (மின்பெட்டியிலுள்ள பிரேக்கரை) ஒருமுறை இறக்கி ஏற்றும்வரை தேடவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இதுதானா என்று அறியச் செலவு ஒன்றும் இல்லை. பகலில் மெயினை இறக்கிவிட்டு, இன்வெர்ட்டரில் வீடு ஓடும்போது பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு சுவிட்சையும் செயலியிலிருந்து போட்டு அணைத்துப் பாருங்கள். ‘தொடர்பில் இல்லை’ என்ற எழுத்தை நம்ப வேண்டாம். அது தாமதமாக வரும், தாமதமாகவே நீங்கும். இன்வெர்ட்டரில் உள்ள ஒரு சுவிட்சு மின்சாரம் இருந்தும் பதில் தரவில்லை என்றால், அதற்கும் ஹப்புக்கும் நடுவே நேர் லைனில் இருப்பது எது என்று பாருங்கள்.

நாங்கள் தாழ்வாரத்து விளக்குகளை இன்வெர்ட்டருக்கு மாற்றினோம். அத்துடன் இரண்டாம் கட்டு வாசலில், கைமாற்றிவிடக்கூடிய சுவிட்சு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்த நினைத்து அங்கிருந்த போர்டைக் கழற்றினோம். உள்ளே பல்லி முட்டை ஓடுகளுக்கு நடுவே இரண்டு சிவப்புக் கம்பிகளும் எர்த்துக்கான ஒரு பச்சையும் இருந்தன; நியூட்ரலுக்கான கறுப்பு இல்லை. வந்திருந்த எலக்ட்ரீசியன், “பச்சையையே நியூட்ரலா குடுத்துடலாம் சார், எரியும்” என்றார். எரியும்தான். ஆனால் எர்த் கம்பி எங்கேனும் அறுந்தால், அதனுடன் இணைந்த கிரைண்டரின் உடம்பிலும் குளிர்சாதனப் பெட்டியின் உடம்பிலும் மின்சாரம் ஏறி நிற்கும். கசிவைக் கண்டு அணைக்கும் டிரிப்பர் இருந்தாலோ, அது ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும். யார் சொன்னாலும் இதற்கு இணங்காதீர்கள். நாங்கள் பக்கத்து அறையின் ஐந்து முனை சாக்கெட்டிலிருந்து, அதே லைன்தான் என்று உறுதி செய்துகொண்டு, குழாய் வழியாகக் கறுப்புக் கம்பியை இழுத்தோம்.

அலைவரிசையையும் ஒருமுறை பாருங்கள். வைஃபையும் ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இயங்குகின்றன. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு சேனல்கள் உண்டு. அவற்றில் 11 முதல் 14 வரை உள்ளவை வைஃபையின் 1ஆம் சேனலுக்கு அடியில் விழுகின்றன. ரூட்டரைத் தானியங்கித் தேர்வில் விடாமல் 1இல் நிறுத்திவிட்டு, ஹப்பை 20க்கோ 25க்கோ மாற்றலாம். சில ஹப்புகளில் சேனலை மாற்றினால் எல்லாவற்றையும் புதிதாக இணைக்க நேரும் என்பதால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், ஹப்பை ரூட்டரின் மேலேயே வைத்திருந்தால் ஓரிரு அடி தள்ளி வையுங்கள். நான் அதை இரும்பு பீரோவின் பின்னால், தூசு படாது என்ற நல்லெண்ணத்தில், எட்டு மாதம் வைத்திருந்தேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கோளாறு கூடினால் வியக்க வேண்டாம். ஈரம் ஏறிய சுவர் காய்ந்த சுவரைவிட அதிகமாக அலையை விழுங்கும். அந்த மாதங்களில் சோதித்துச் சரியாக இருப்பது கோடையிலும் சரியாகவே இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு எங்கள் வீட்டில் பழைய ஒன்பதில் எட்டு சுவிட்சுகள் ஒழுங்காக இருக்கின்றன. ஒன்பதாவது, தகரக் கூரையும் தகரத் தடுப்பும் போட்ட மாட்டுக் கொட்டகையில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய கட்டை சுவிட்சையே மாட்டிவிட்டோம்.