சிஸ்டர் பதில்கள்: பீரோவில் பூட்டிய தாள்

கேள்வி: சிஸ்டருக்கு வணக்கம். என் மாமனாருக்கு 79 வயது. நுரையீரல் புற்றுநோய், எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. "இனி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவும் "எனக்குக் குழாய், மெஷின் எதுவும் வேண்டாம்" என்று எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கணவருக்குச் சம்மதம். கோவையிலிருக்கும் நாத்தனாருக்குத்தான் மனசு ஆகவில்லை. "மூச்சு நின்றால் உடனே 108-ஐக் கூப்பிடு. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அப்பாவை நீதான் கொன்றாய் என்பேன்" என்கிறார். பகலெல்லாம் வீட்டில் நானும் மாமாவும்தான். அந்த நேரம் வந்தால் நான் என்ன செய்ய?
ஒரு வாசகி, கே.ஆர்.புரம், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் அல்சூர் வீட்டு பீரோதான் என் கண்ணில் நின்றது அம்மா.

31 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான், அதில் பாதி ஐ.சி.யு.வில். என் அம்மாவுக்குக் கல்லீரல் கெட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றானபோது, "என்னைக் கீழே போட்டு நெஞ்சை அமுக்காதீங்கடி" என்று சொல்லி, எழுதியும் கொடுத்தாள். அதைப் பத்திரமாகப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணி. மூச்சு விட்டுவிட்டு வந்தது. எத்தனையோ கட்டில் பக்கத்தில் நின்று பார்த்த அதே மூச்சு. இருந்தும் என் விரல் 108-ஐ அழுத்திவிட்டது.

எதிர்முனையில் பேசிய பெண் கேட்டதெல்லாம் சரியான கேள்வி. எந்த ஏரியா, பக்கத்தில் என்ன அடையாளம், நினைவிருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. நானும் சரியாகத்தான் பதில் சொன்னேன். "இது எதிர்பார்த்த சாவு" என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் பையன்கள் வந்தார்கள். மெத்தைமேல் அமுக்கினால் அழுத்தம் இறங்காது, அதனால் தரையில் கிடத்தினார்கள். "எஷ்டு ஹொத்தாய்த்து அம்மா?" எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டபடியே ஒருவர் ஆரம்பித்தார். நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். அப்படித்தான் செய்ய வேண்டும், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பீரோ சாவி எங்கே என்று யாருக்கும் ஞாபகமில்லை. நான்கு நாள் வென்டிலேட்டரில் கிடந்துவிட்டு அம்மா போனாள்.

அதனால் சொல்கிறேன்: 108-ஐக் கூப்பிட்டாலே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. அவர்கள் உயிரைப் பிடித்து நிறுத்த வருகிறவர்கள். யார் மகள், யார் மருமகள், தாள் நிஜமா என்று வாசலில் நின்று விசாரிக்க அவர்களுக்கு நேரம் ஏது? நெஞ்சை அமுக்குவது திடீரென்று நின்றுபோன இதயத்துக்கு. மாரடைப்பு, கரண்ட் ஷாக், தண்ணீரில் மூழ்கியது மாதிரி. மாமாவுக்கு இதயம் நிற்பது நோயின் கடைசிப் படி. அமுக்கி ஓடவைத்தாலும் நுரையீரல் அதே நுரையீரல்தானே.

எனவே உங்களுக்கு இன்னொரு நம்பர் வேண்டும். வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரணக் குழுவை இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். மாரத்தஹள்ளி பக்கம் கருணாஸ்ரயா என்ற புற்றுநோயாளிகள் காப்பகம் இருக்கிறது, காசு வாங்குவதில்லை. கே.ஆர்.புரத்திலிருந்து தூரமும் இல்லை. ராத்திரியில் யாரை எழுப்புவது, மூச்சுத் திணறினால் மார்ஃபின் மருந்து எவ்வளவு கொடுப்பது என்று கேட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மாமா எழுதிய தாளின் நகலையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். வந்து போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

அதற்காக 108-ஐயே மறந்துவிடாதீர்கள். மாமா பாத்ரூமில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டால் தயங்காமல் கூப்பிடுங்கள். அமுக்க வேண்டாம் என்றுதானே எழுதியிருக்கிறார், கவனிக்க வேண்டாம் என்றா?

கடைசி நாட்களில் தொண்டையில் கறகறவென்று சத்தம் வரும், மூச்சு நின்று நின்று வரும். பார்க்கிறவர்களுக்குத்தான் பயம், அவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பால் ஊற்ற வேண்டும் என்று யாராவது டம்ளரோடு வருவார்கள். புரையேறும். பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினால் போதும், சாஸ்திரம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

நாத்தனாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். மருமகள் சொன்னால் அது வேறு மாதிரித்தான் காதில் விழும். மாமா தெம்பாக இருக்கும் ஒரு காலையில் வீடியோ காலில் அவரையே மகளிடம் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் நாத்தனாரைப் பத்து நாள் வந்து தங்கச் சொல்லுங்கள். ஒரு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு மாறும்.

கேள்வி: நோட்டரி கையெழுத்து போதுமா? கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்களே. (அதே வாசகி)

பதில்: அது பழைய கதை. 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் லிவிங் வில்லை, அதாவது மாமா எழுதியது மாதிரித் தாளை, ஏற்றபோது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், கூட நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். ஒருவேளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாமாவால் பேச முடியாமல் போய், வென்டிலேட்டரை எடுக்கும் நிலை வந்தால் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நடைமுறைப்படுத்தக் கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரியில் உத்தரவு போட்டிருக்கிறது. குடும்ப டாக்டரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா? (இன்னொரு வாசகர், சிவாஜி நகர்)

பதில்: நோயில் இறந்தவருக்கு எதற்குப் போலீஸ்? கடைசியாகப் பார்த்த டாக்டர் வந்து, படிவம் 4ஏ-யில் சாவுக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மயானத்தில் முதலில் கேட்பது டாக்டர் கொடுத்த தாளைத்தான். 21 நாளுக்குள் பதிவும் செய்துவிடுங்கள். "ராத்திரியானாலும் வருவீர்களா" என்று டாக்டரை இப்போதே கேட்டு வையுங்கள். வரமாட்டேன் என்றால் வேறு டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது.