மேல் வீட்டு நாற்காலி, பக்கத்து வீட்டு டி.வி.

வாடகை வீடு என்றால் காலி செய்துவிடலாம். கடன் வாங்கிச் சொந்தமாக்கிய வீட்டில் சத்தம் தூக்கத்தைக் கெடுத்தால் எங்கே போவது என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேரின் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மேல் வீட்டில் நடப்பதும் நாற்காலி இழுப்பதும் எங்கள் தலைமேல் நடப்பதுபோல் கேட்கிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். போடலாமா?

அவசரப்பட வேண்டாம். பேச்சும் பாட்டும் காற்று வழியாக வருபவை. உங்களை வதைப்பது கட்டடத்தின் வழியாக வரும் சத்தம். குதிகால் மோதும்போது கான்கிரீட் தளமே அதிர்கிறது. அந்த அதிர்வு உங்கள் சீலிங்கோடு நிற்காமல் சுவர்களிலும் தூண்களிலும் இறங்கிவிடுகிறது. மேலே நடமாட்டம் இருக்கும் நேரத்தில் உங்கள் அறைச் சுவர்கள் ஒவ்வொன்றிலும் காதை வைத்துப் பாருங்கள். சுவரிலும் தெளிவாகக் கேட்டால், எவ்வளவு நல்ல சீலிங் போட்டாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

இந்த வகைச் சத்தத்தை அது பிறக்கும் இடத்தில் அடக்குவதுதான் மலிவு, பலனும் அதிகம். நாற்காலி, மேசைக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் பேட் (கம்பளித் துணிபோன்ற மெத்தென்ற சிறு திண்டு) வேண்டும். ஒட்டும் வகை சில மாதங்களில் நகர்ந்து கழன்றுவிடும். ஆணியோடு வருவதும் காலில் உறைபோல மாட்டுவதும் நீடிக்கும். நடைபாதையிலும் கட்டிலைச் சுற்றியும் கார்பெட் விரித்து, அதற்கு அடியில் 8 முதல் 10 மி.மீ. தடிமனில் மெத்தென்ற விரிப்பு ஒன்றும் போட வேண்டும். வீட்டுக்குள் மென்மையான செருப்பும் உதவும். இவற்றை நீங்களே வாங்கிக் கொடுத்தால்கூட சீலிங் செலவில் சிறு பங்குதான் ஆகும். ஆனால் ஒன்று: கார்பெட் ‘டக் டக்’ என்ற கூர்மையான ஒலியை நன்றாகக் குறைக்கும். குழந்தைகள் குதிக்கும்போது எழும் ‘தொம்’ ஓரளவு மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பிறகும் சீலிங் தேவைப்பட்டால், ஒப்பந்தக்காரரிடம் இந்த அளவுகளை எழுத்தில் கொடுங்கள். பழைய தளத்துக்கும் புதிய பலகைக்கும் நடுவே 100 முதல் 150 மி.மீ. இடைவெளி. சட்டகம் ரப்பர் அல்லது ஸ்பிரிங் வைத்த தொங்கிகளில் தொங்க வேண்டும். இடைவெளியில் 50 முதல் 100 மி.மீ. ராக்வூல் (பாறை இழையால் ஆன பஞ்சு), அதைத் திணித்து இறுக்கக் கூடாது. கீழே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி. சுற்றுச்சுவரைப் போர்டு தொடாமல் 5 மி.மீ. விட்டு, இறுகிப்போகாத சீலன்ட்டால் அடைக்க வேண்டும்.

வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். சட்டகத்தை நேராகத் தளத்திலும் சுவரிலும் திருகிவிடுவார்கள். அதிர்வுக்கு அது பாலமாகிவிடும். அடுத்தது அழகுக்காகப் பதிக்கும் விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஓட்டை. வெற்றிடத்தின் கீழ் ஒற்றைப் பலகையை இறுக்கமாகத் திருகும் சாதாரண அலங்கார சீலிங்கோ, மத்தளத் தோல்போல அதிர்ந்து சில சமயம் ‘தொம்’மைக் கூட்டியே விடும்.

கேள்வி: பக்கத்து வீட்டு டி.வி. வசனம் எங்கள் படுக்கையறையில் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. பொதுச்சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினோம். பயனில்லை. ஏன்?

ஃபோம் சத்தத்தைத் தடுக்கும் பொருள் அல்ல. உங்கள் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் அது குறைக்கும். முட்டைத் தட்டு ஒட்டுவதும் அப்படித்தான், அது தீப்பிடிக்கும் அபாயம் வேறு. காற்றில் வரும் ஒலியைத் தடுக்க மூன்று வேண்டும்: இடுக்கில்லாமை, எடை, பிரிவு (புதிய தடுப்பு பழைய சுவரைத் தொடாமல் நிற்பது). இந்த வரிசையிலேயே பாருங்கள்.

வார்த்தைகள் புரியும் அளவுக்குக் கேட்டால் முதலில் ஓட்டையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு தடுப்பின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. 2 மீட்டர் உயரக் கதவின் கீழ் 1 செ.மீ. இடுக்கு அரை சதவீதம். உச்ச வரம்பு சுமார் 23 டெசிபல். பொதுச்சுவரில் முதுகோடு முதுகாக வைத்த சுவிட்ச் பெட்டிகள், குழாய் நுழையும் துளைகள், சுவரும் சீலிங்கும் சேரும் விளிம்பு ஆகியவற்றை இரவு அமைதியில் காதை வைத்துத் தேடி அடையுங்கள். சுவிட்ச் பெட்டியை மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

அடுத்து எடை. சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 5, 6 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே மேலே ஒரு பூச்சு பூசி இதைத் தீர்க்க முடியாது. இங்கேதான் பிரிவு உதவும். பழைய சுவரைத் தொடாமல் 25 மி.மீ. தள்ளி, தரையிலும் சீலிங்கிலும் மட்டும் பிடித்த தனிச் சட்டகம், நடுவில் 50 மி.மீ. ராக்வூல், மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு என்றால் நல்ல வித்தியாசம் தெரியும். அறையின் அகலத்தில் 10 செ.மீ. போகும்.

செலவுக்கு முன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவர்கள் டி.வி.யும் ஸ்பீக்கரும் பொதுச்சுவரில் மாட்டியிருக்கின்றனவா? சுவரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாலே பெரிய நிம்மதி கிடைக்கலாம்.

கேள்வி: இரவில் ‘தும் தும்’ என்று பாஸ் மட்டும் வருகிறது. நெஞ்சு அதிர்கிறது. புகார் செய்தால் போனில் அளந்து, “38 டெசிபல்தான், இது சத்தமே இல்லை” என்கிறார்கள். எனக்குத்தான் கோளாறா?

உங்களுக்குக் கோளாறு இல்லை. அளந்த முறைதான் தவறு. போன் செயலிகள் வழக்கமாகக் காட்டுவது ‘ஏ’ எடையிட்ட டெசிபல், அதாவது பாஸ் போன்ற தாழ்சுருதி ஒலியைக் குறைத்துக் கணக்கிடும் அளவு. ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் அதிர்வெண்; எண் குறையக் குறையச் சுருதி தாழும். அந்த முறை 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலையும் கழித்துவிடும். அதாவது உங்கள் அறையில் 50 ஹெர்ட்ஸில் 68 டெசிபல் இருந்தாலும் திரை 38 என்றுதான் சொல்லும். தாழ்சுருதியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ எடையும் உள்ள மீட்டரில் ‘ஏ’, ‘சி’ இரண்டு அளவையும் எடுங்கள். ‘சி’ அளவு ‘ஏ’ அளவைவிட 15, 20 டெசிபல் கூடுதலாக இருந்தால் தாழ்சுருதிதான் பிரச்சினை என்று எழுத்தில் காட்டலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல், படுக்கையறைக்குள் இரவுச் சராசரி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. தாழ்சுருதி மிகுந்த சத்தத்துக்கு வரம்பு இன்னும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 38 என்பது அதன்படியும் அதிகம்தான்.

தடுப்பது கடினம். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். சாதாரணச் சுவரும் ஜன்னலும் அதற்குப் பெரிய தடையல்ல. ஆனால் அறைக்குள் பாஸ் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி இரு முனைச் சுவர்களிலும் உச்சமாகவும் நடுவில் மிகக் குறைவாகவும் நிற்கும். நாம் தலை வைத்துப் படுப்பதோ சுவரை ஒட்டி, பெரும்பாலும் மூலையில்! சத்தம் வரும்போது அறைக்குள் மெல்ல நடந்து, குறையும் இடத்தைக் கண்டுபிடித்துத் தலைமாட்டை அங்கே நகர்த்துங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

அவர்களிடம் “பாட்டையே நிறுத்துங்கள்” என்று கேட்க வேண்டியதில்லை. சப்வூஃபரை (பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) மூலையிலிருந்து வெளியே எடுத்து, அதன் அளவை மட்டும் 6 டெசிபல் குறைக்கச் சொல்லுங்கள். தாழ்சுருதியில் சிறு குறைப்பே காதுக்குப் பெரிதாகத் தெரியும். அவர்களுக்குப் பாட்டு கேட்கும், உங்களுக்குத் தூக்கம் வரும்.

கேள்வி: அடுக்குமாடியின் மோட்டார் ஓடும்போது எங்கள் சுவரே ரீங்கரிக்கிறது.

மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்துவிட்டோம் என்பார்கள். குழாயை மறந்திருப்பார்கள். மோட்டாரும் குழாயும் சேரும் இடத்தில் வளையும் இணைப்பு ஒன்று வேண்டும். குழாயைச் சுவரில் பிடிக்கும் கிளாம்ப்புகளுக்குள் ரப்பர் உறை வேண்டும். சுவர் துளையில் குழாய் சிமென்ட்டோடு இறுகியிருந்தால் உடைத்து, மென்மையான பொருளால் நிரப்ப வேண்டும். தொட்டி நிரப்புவதைப் பகலுக்கு மாற்ற ஒரு டைமர் போதும்.

கேள்வி: எப்படிப் பேச்சைத் தொடங்குவது? சண்டையாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

சத்தம் வரும் நேரத்தில் போகாதீர்கள். இரவு 11 மணிக்குக் கதவைத் தட்டுகிறவர் எவ்வளவு தன்மையாகப் பேசினாலும் அது சண்டைக்கு வந்ததாகவே படும். மறுநாள் மாலை போங்கள். “நீங்கள் எப்போதும் சத்தம் போடுகிறீர்கள்” என்று ஆரம்பிக்காமல், “எங்கள் படுக்கையறை உங்கள் ஹாலை ஒட்டி இருக்கிறது. பத்தரைக்கு மேல் டி.வி. அப்படியே கேட்கிறது. ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்களேன்” என்று சொல்லுங்கள். பலருக்குத் தங்கள் சத்தம் அடுத்த வீட்டில் எப்படிக் கேட்கிறது என்பதே தெரியாது. வந்து கேட்டவர் மனம் மாறுவது உண்டு.

பலிக்கவில்லை என்றால் குறைந்தது இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், எந்த அறை, ஜன்னல் மூடியிருந்ததா, தூக்கம் கலைந்ததா. பிறகு மரியாதையான ஒரு கடிதம், அடுத்து குடியிருப்புச் சங்கம், கடைசியில்தான் அதிகாரிகள். எழுத்துப் புகார் கொடுத்திருந்தால், வீட்டை விற்கும்போது அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற விதி சில நாடுகளில் உண்டு. அனுப்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்குச் சுவரைத் தட்டவே தட்டாதீர்கள். அவர்கள் குறிப்பில் நீங்கள் ஏறிவிடுவீர்கள்.

கேள்வி: இயர்பிளக் போட்டும் எல்லாம் கேட்கிறது.

பெரும்பாலும் பாதிதான் உள்ளே போயிருக்கும். ஃபோம் பிளக்கை விரல்களால் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதை மேல்நோக்கியும் பின்னோக்கியும் இழுத்துப் பிடித்து, பிளக்கை நுழைத்து, விரியும்வரை 30 விநாடி அழுத்தி வையுங்கள். உங்கள் குரலே உள்ளுக்குள் கனமாகக் கேட்டால் சரியாக அமர்ந்திருக்கிறது. பேச்சொலிக்கு நன்றாக உதவும். பாஸுக்கு அவ்வளவு இல்லை. காதில் வலியோ சீழோ இருந்தால் போட வேண்டாம். தீ அலாரம் கேட்கிறதா என்பதை முதல் இரவே சோதித்துப் பாருங்கள்.