உப்பு பூத்த வயலுக்கு ‘கமலா’ நெல் போடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். தலைஞாயிறு பக்கம் எனக்கு ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலம். சம்பாவில் ஆந்திரா பொன்னி போடுகிறேன். வடிகால் ஓரமாக இருக்கும் மூன்று மாவில் கஜா புயலுக்குப் பிறகு உப்பு பூக்கிறது. பயிர் நுனி கருகி நிற்கிறது, கதிர் வந்தாலும் பாதி கருக்காய். மரபணு திருத்திய நெல் உப்பைத் தாங்கும் என்று டிவியில் பார்த்தேன். வியாபாரி ஒருவர் அதுதான் ‘கமலா’ என்று சொல்லி கிலோ 250 ரூபாய்க்கு விதை தருகிறேன் என்கிறார். என் மகனோ அது பி.டி. பருத்தி மாதிரி, உடம்புக்கு ஆகாது, தொடவே வேண்டாம் என்கிறான். அடுத்த சம்பாவுக்குப் போடலாமா?

பதில்: வணக்கம் ஐயா. அந்த விதையை வாங்காதீர்கள். மற்ற எதையும் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் காரணம், ‘கமலா’ உப்பைத் தாங்குவதற்காக உருவாக்கிய ரகமே இல்லை. 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு ரகங்களை அறிவித்தார். ஒன்று டி.ஆர்.ஆர். நெல் 100. கமலா என்று பெயர் வைத்தது இதற்குத்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. நீங்கள் போடும் ஆந்திரா பொன்னி, அதாவது பி.பி.டி. 5204, இதன் தாய் ரகம். கதிரில் மணி கூடும், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும், மகசூல் 19 சதவீதம் அதிகம் என்பது அறிவிப்பு. உப்புக்கும் களருக்கும் என்று சொல்லப்பட்டது இன்னொரு ரகம்: டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. நெல் 1. அதன் தாய் எம்.டி.யு. 1010. டிவியில் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் குழப்பம் வந்திருக்கும். வியாபாரிக்கு அந்தக் குழப்பம் வசதியாகப் போயிற்று.

இரண்டாவது காரணம், விதை. ஒரு ரகம் அறிவிக்கப்பட்டால் மறுநாளே கடைக்கு வராது. வல்லுநர் விதை, அதிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நாலைந்து ஆண்டுகள் ஆகும் என்று அறிவிப்பு வந்தபோதே பேசப்பட்டது. சான்று விதை என்றால் மூட்டையில் நீல அட்டை இருக்கும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அட்டையும் ரசீதும் இல்லாமல் சாக்கில் வருகிற நெல் கமலாவா, உங்கள் குதிரில் இருக்கிற பழைய பொன்னியா என்று கையில் எடுத்துப் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. வட்டாரத்து விதை ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நீங்கள் தப்பித்தாலும் பக்கத்து ஊரில் ஒருவர் மாட்டுவார்.

சரி, இனி உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு தொழில்நுட்பங்களை ஒன்றாகப் போட்டுவிட்டார். 2002இல் அனுமதி கிடைத்த பி.டி. பருத்தியில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் சேர்த்தார்கள். இந்த நெல்களில் வெளியிலிருந்து எதையும் விட்டுவைக்கவில்லை. கிரிஸ்பர் என்கிற முறையில், நெல்லிலேயே இருக்கும் ஒரு மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிறார்கள். செடி அந்த வெட்டைத் தானே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது மரபணுக் குறியீட்டில் ஓரிரு எழுத்து விட்டுப்போகும், அந்த மரபணு வேலை செய்யாமல் போகும். முறையைக் கண்டுபிடித்த எம்மானுவேல் ஷார்ப்பென்டியே, ஜெனிபர் டௌட்னா இருவருக்கும் 2020இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வெட்டும் கருவியைச் செடிக்குள் கொண்டுபோக முதலில் வெளி மரபணு தேவைப்படுகிறது. அடுத்த தலைமுறைகளில் அது இல்லாத செடிகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

மரபணு கெட்டுப்போன செடியா என்று மனசு உறுத்தினால் ஐ.ஆர். 8 நினைவுக்கு வரட்டும். 1966இல் வந்த அந்தக் குட்டை நெல் குட்டையாக இருந்ததற்குக் காரணம், உயரத்தைக் கூட்டும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு இயற்கையாகவே விட்டுப்போனதுதான். 2002இல்தான் அது தெரியவந்தது. அதற்குள் நாம் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மரபணு உள்ள நெல்லைச் சாப்பிட்டுவிட்டோம்.

பூசா நெல்லில் வெட்டியது டி.எஸ்.டி. என்ற மரபணு. இலையில் இருக்கும் துளைகள் சம்பந்தப்பட்டது. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். நெல் இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் ஒட்டும் டேப் வைத்து உரித்து, பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் வரிசை வரிசையாகச் சின்ன உதடுகள் தெரியும். முதல் தடவை பார்த்தபோது நான் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. செடி மூச்சு விடுவதும் தண்ணீர் ஆவியாகப் போவதும் அந்த உதடுகள் வழியாகத்தான். டி.எஸ்.டி. வேலை செய்யாத செடியில் துளைகளின் எண்ணிக்கை குறைகிறது, இலை தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. வேர் குறைவாக உறிஞ்சினால் அதோடு மேலே ஏறும் உப்பும் குறையும். வறட்சிக்கும் உப்புக்கும் ஒரே மரபணு உதவுவது இப்படித்தான். 2009இல் சீன விஞ்ஞானிகள் இதைக் கண்டார்கள்.

கமலாவில் வெட்டியது இளங்கதிரில் வேலை செய்யும் மரபணு. கதிர் கிளைத்து மணி பிடிப்பதற்குச் சைட்டோகைனின் என்ற ஊக்கி வேண்டும். அதைச் சிதைக்கும் நொதியை நிறுத்திவிட்டால் ஊக்கி தங்கும், மணி கூடும். ஜப்பானில் 2005இலேயே இதைக் கண்டுபிடித்தார்கள், அதுவும் ஹபடாகி என்ற ரகத்தில் இயற்கையாக இருந்த மாற்றத்திலிருந்து. அப்புறம் தெரிந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி: இலைத்துளையைப் பார்த்துக்கொள்ளும் அதே டி.எஸ்.டி. மரபணுதான் கதிரில் அந்த நொதியையும் முடுக்கிவிடுகிறது. டெல்லிக்காரர்களும் ஹைதராபாத்காரர்களும் வேறு வேறு இடத்தில் கை வைத்தாலும் இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை.

ஆய்வுக்கூடத்துக் கதை இவ்வளவு அழகாக இருப்பதால் வயலிலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மணி கூடினால் அத்தனைக்கும் பால் பிடிக்க வேண்டும். இலையும் உரமும் வெயிலும் ஈடுகொடுக்காவிட்டால் கூடின மணி கருக்காயாகத்தான் போகும். இலைத்துளை குறைந்தால் தண்ணீர் மிச்சம், ஆனால் தண்ணீர் ஆவியாவதுதான் இலையைக் குளிர்விக்கிறது. குறுவைக் காலத்து வெயிலில் அந்த இலை என்ன ஆகும் என்பதை வயலில்தான் பார்க்க வேண்டும்.

சண்டையும் அங்கேதான் நடக்கிறது. மரபணு மாற்றம் இல்லா இந்தியாவுக்கான கூட்டமைப்பு 2025 அக்டோபரில், இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் தலைமை அமைப்பான இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் சொந்தப் பரிசோதனை அறிக்கைகளை எடுத்து வைத்து, அறிவித்த மகசூல் அதில் தெரியவில்லை என்றது. கழகம் அதை மறுத்தது. இன்னொரு சர்ச்சை விதிமுறை பற்றியது. 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளி மரபணு இல்லாத இவ்வகைப் பயிர்களுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான ஒப்புதல் வேண்டாம் என்று விலக்கு கொடுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் நேர் எதிராக, இவையும் மரபணு மாற்றப் பயிர்களே என்று தீர்ப்பளித்தது. ஜப்பானில் 2021இலிருந்தே இப்படித் திருத்திய தக்காளி விற்பனையில் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், சாப்பிட்டால் ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு ரகங்களிலும் எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் குறி தவறி வேறு இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்த சோதனை விவரமும், ஊர்வாரியாக மகசூல் கணக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி இது. கேள்வி கேட்பவர்களை அறிவியலுக்கு விரோதி என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கிரிஸ்பர் முறைக்கான அடிப்படைக் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன. அதற்கான உரிமம் என்ன நிபந்தனையில் வருகிறது என்பதும் தெரிய வேண்டும். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விளைந்த நெல்லை விதைக்கு எடுத்து வைக்கவும் மறுபடி விதைக்கவும் பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. முத்திரை போட்டு விற்கத்தான் கூடாது. அந்த உரிமையில் கை வைக்கிற எந்த ரகத்தையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னொன்று, உங்களுக்கு மிகவும் முக்கியமானது. பூசா நெல்லுக்கு உப்பு, களர் நிலங்களில் 9.66 முதல் 30.4 சதவீதம் வரை மகசூல் கூடும் என்று அறிவித்தார்கள். எதைவிடக் கூடும்? தாய் ரகமான எம்.டி.யு. 1010ஐ விட. அது உப்பு தாங்கும் ரகம் என்று பெயர் எடுத்தது இல்லை. உங்கள் மூன்று மாவில் எம்.டி.யு. 1010 எட்டு மூட்டை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் கூட்டினால் பத்தரை மூட்டைக்குக் கொஞ்சம் கீழே. அதே இடத்தில் உப்பைத் தாங்கும் கோ 43 பன்னிரண்டு மூட்டை தந்தால் புது விதை எதற்கு? பத்தரை மூட்டை பெரியதா சிறியதா என்பது பக்கத்தில் எந்த ரகத்தை நட்டார்கள் என்பதைப் பொறுத்தது. இனி எந்தப் புது ரகத்துக்குச் சதவீதம் சொன்னாலும் இதைத்தான் முதலில் கேளுங்கள்.

இனி அந்த மூன்று மாவுக்கு வருவோம். கோடை உழவுக்கு முன் மண் எடுங்கள். வெள்ளையாகப் பூத்த இடத்தில் மட்டும் சுரண்டி எடுத்தால் கணக்குத் தப்பும். மேல் செத்தையை ஒதுக்கிவிட்டு, பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரில் இருந்து ஒரே சீராகச் சுரண்டிக் கலந்து அரைக் கிலோ போதும். பாசனத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4க்கு மேல், கார அமில நிலை 8.5க்குக் கீழ் என்று வந்தால் அது உவர். நெல்லுக்கு 3ஐத் தாண்டினாலே மகசூல் இறங்கத் தொடங்கிவிடும். கார அமில நிலை 8.5க்கு மேல் போனால் களர்.

இந்த வித்தியாசம் தெரியாமல் ஜிப்சம் கொட்டிக் காசைக் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜிப்சம் களருக்கு மருந்து. கடல் தண்ணீர் ஏறி வந்த உவருக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். உங்கள் இடத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைவிடப் பெரிய மருந்து கிடையாது. வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைக் கட்டி, சேறாக்கி, இரண்டு மூன்று நாள் நிறுத்தி வடித்துவிடுங்கள். மறுபடி கட்டுங்கள், மறுபடி வடியுங்கள். வடிகால் தூர்ந்து கிடந்தால் வடித்த உப்பு திரும்ப உங்கள் வயலுக்கே வரும், அதனால் அதை முதலில் வெட்டுங்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். உப்பு வயலில் இளநாற்று வேண்டாம். 30 நாள் தாண்டிய நாற்றாகக் குத்துக்கு மூன்று நான்கு வைத்துக் கொஞ்சம் நெருக்கி நடுங்கள். நாற்றுப் பருவத்திலும் பூக்கும்போதும்தான் நெல் உப்புக்கு அதிகமாகப் பயப்படும். நட்ட பிறகு வயலைக் காயவிடாதீர்கள். காய்ந்தால் கீழே இறங்கின உப்பு மேலே ஏறிவிடும்.

அந்த மூன்று மாவையும் ஒரே ரகத்துக்குக் கொடுக்காமல் பிரித்து நடுங்கள். ஒரு மாவில் கோ 43, ஒரு மாவில் உப்பைத் தாங்கும் பாரம்பரிய ரகமான குழியடிச்சான், ஒரு மாவில் உங்கள் ஆந்திரா பொன்னி. மண் களர் என்று முடிவு வந்தால் கோ 43க்குப் பதில் திருச்சி 3 போடலாம். மூன்றையும் தனித்தனியாக அறுத்து எடை போட்டு எழுதி வையுங்கள். பூசா நெல்லின் சான்று விதை நீல அட்டையோடு வரும் நாளில் அதையும் இந்த மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு பாத்தியில் நட்டுப் பார்க்கலாம். உங்கள் மகனையே கணக்கு எழுதச் சொல்லுங்கள்.

மண், தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள் ஐயா. உர அளவு, ஜிங்க் சல்பேட் எவ்வளவு என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.