சீமை அத்திக்கு விதையா, தடியா?

சீமை அத்தியை விதை போட்டு வளர்க்கலாமா என்று திருகோணமலையில் பலர் கேட்கிறார்கள். முளைக்கும், ஆனால் தடி நடுவதுதான் நல்லது. முற்றிய கிளையில் ஒரு துண்டை வெட்டி, அதையே கன்றாக்குவதுதான் தடி நடுதல். வேலிக்குக் கிளுவைக் கதியால் போடுகிறோமே, அதே வேலை.

கிளையின் கணுவில் உள்ள உயிரணுக்கள், ஈரமும் இருட்டும் கிடைத்தால் வேராக மாறும். அப்படி வரும் கன்று தாய்மரத்தின் அச்சு. விதைக்கன்று தின்னத்தக்க பழம் தராத மரமாகவும் வந்துவிடலாம். அது தெரியவே சில வருடங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பென்சில் தடிப்பில் ஒரு சாண் துண்டு போதும். வெட்டுவாயில் வெள்ளைப் பால் வடியும். நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். இலைகளைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் வருமுன்னே அவை தடியின் ஈரத்தை வற்றவைத்துவிடும். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். தலைகீழாக நட்டுவிடாதீர்கள் (சிரிக்க வேண்டாம், நடக்கிற விஷயம்தான்). ஐப்பசி, கார்த்திகை மழையில் தடி அழுகிவிடும், அதனால் சாடியில் நட்டுத் தாழ்வாரத்தில் வையுங்கள். துளிர் கண்டதும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். முதல் துளிர் தடியில் சேர்ந்திருந்த சத்தில் வருவது, வேர் அப்புறம்தான். நிலாவெளிப் பக்கத்து மணலில் நடுவதானால் மாட்டெரு தாராளமாகப் போடுங்கள்.

‘அத்தி பூத்தாற்போல’ என்பதை வைத்து அத்தி பூக்காது என்று எண்ண வேண்டாம்: நூற்றுக்கணக்கான பூக்கள் காய்க்குள்ளேயே இருக்கின்றன, வீட்டுத்தோட்ட ரகங்கள் பலவும் மகரந்தம் சுமந்து வரும் குளவியின் உதவியே இல்லாமல் பழுக்கும்.